எந்தப் பெண்களுக்கு ஓட்டு? பிரிட்டனை அறுபது ஆண்டுகள் இழுத்தடித்த கணக்கு

முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், பெண்கள் தொழிற்சாலைகளில் உழைத்தார்கள், அதற்கு நன்றிக்கடனாக 1918இல் பிரிட்டன் அவர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. பிரிட்டிஷ் பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் எப்படி முடிந்தது என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் இதுதான். இதில் உண்மை கொஞ்சம்தான். 1918ஆம் ஆண்டுச் சட்டம் முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கு மட்டுமே ஓட்டுக் கொடுத்தது. அதிலும் தன் பெயரிலோ கணவர் பெயரிலோ வீடோ இடமோ இருக்க வேண்டும், இல்லையென்றால் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும்.

வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களோ பெரும்பாலும் இளம்பெண்கள். டி.என்.டி. என்ற வெடிமருந்துத் தூளைத் தொட்டுத் தொட்டு அவர்களுடைய தோலும் முடியும் மஞ்சளாகிப் போனதால் 'கேனரி' என்ற மஞ்சள் குருவியின் பெயரே அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. 1916 டிசம்பர் 5 இரவு, லீட்ஸ் நகருக்கு அருகே பார்ன்போ தொழிற்சாலையில் குண்டு வெடித்து 35 பெண்கள் இறந்தார்கள். போர்க்காலத் தணிக்கையில் அந்தச் செய்தி அமுக்கப்பட்டது. அன்று உயிர் தப்பியவர்களிலும் முப்பது வயதுக்குக் கீழே இருந்த யாருக்கும் 1918இல் ஓட்டு கிடையாது.

நன்றிக்கடன்தான் காரணம் என்றால் முதலில் கிடைத்திருக்க வேண்டியது இவர்களுக்கு. கிடைக்காமல் போனது ஏன் என்று தேடினால், போருக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய ஒரு கணக்கில் போய் நிற்போம். பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்று நாடாளுமன்றத்தில் கேட்ட போதெல்லாம் கட்சித் தலைவர்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டது வேறு: எந்தப் பெண்களுக்கு? அவர்கள் யாருக்குப் போடுவார்கள்? பெண்களை இழிவாகப் பார்த்தவர்கள் ஏராளம், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஏளனத்தைவிட இந்தக் கணக்குதான் மசோதாக்களை அதிகம் கொன்றது என்று நான் நினைக்கிறேன்.

1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம்தான் வாக்காளர் 'ஆண்' ஆக இருக்க வேண்டும் என்று முதன்முதலாக எழுதி வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த மேரி ஸ்மித் என்ற சொத்துள்ள பெண் ஒரு மனு அனுப்பினார். நானும் வரி கட்டுகிறேன், எனக்கு ஏன் ஓட்டு இல்லை என்பதுதான் அதன் சாரம். சபையில் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள்.

1866இல் வந்த மனுவைப் பார்த்து அப்படிச் சிரிக்க முடியவில்லை. ஏறத்தாழ 1,500 பெண்கள் கையெழுத்திட்ட நீண்ட சுருள் அது. எமிலி டேவிஸும், முந்தைய ஆண்டுதான் மருத்துவராகத் தகுதி பெற்றிருந்த எலிசபெத் காரட்டும் அதை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு எடுத்துப் போனார்கள். அவ்வளவு பெரிய சுருளோடு நின்றால் எல்லோரும் பார்க்கிறார்களே என்று கூச்சம். அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள், அவர் அதைத் தன் கடைக்கு அடியில் ஒளித்து வைத்துக் காத்தார். அப்புறம் ஜான் ஸ்டூவர்ட் மில் வந்து வாங்கி உள்ளே கொண்டுபோனார். மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி உறுப்பினர். அடுத்த ஆண்டு மே 20இல் அவர் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவாக 73 பேர், எதிராக 196 பேர். தோல்விதான். ஆனாலும் எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் அன்றைக்கே ஆதரித்தார்கள் என்பது இயக்கத்துக்குப் பெரிய தெம்பு. பார்வையாளர் இடத்தில் இருந்து அந்த விவாதத்தைக் கேட்டவர்களில் எலிசபெத் காரட்டின் தங்கை மில்லிசென்ட் ஃபாசெட்டும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 19.

அந்த ஆண்டே நவம்பரில் மான்செஸ்டர் இடைத்தேர்தலில் ஒரு பெண் ஓட்டுப் போட்டுவிட்டார். லில்லி மேக்ஸ்வெல் என்ற கடைக்காரப் பெண்மணியின் பெயர் தவறுதலாகப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. உள்ளூர் இயக்கத்தை நடத்திய லிடியா பெக்கர் அவரை வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனார். அன்று ரகசிய வாக்கெடுப்பு கிடையாது, எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லி ஓட்டுப் போட வேண்டும். லில்லி சொன்னார், ஓட்டும் பதிவானது. உடனே சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தார்கள். 1868இல் நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது.

சரி, கணக்குக்கு வருவோம். 1884ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகும்கூட வயது வந்த ஆண்களில் சுமார் 60 சதவீதத்தினருக்குத்தான் ஓட்டு இருந்தது. ஒண்டுக்குடித்தனக்காரர்கள், முதலாளி வீட்டிலேயே தங்கிய வேலைக்காரர்கள், அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் எல்லோரும் வெளியே நின்றார்கள். பெண்கள் அமைப்புகள் கேட்டதோ ஆண்களுக்கு உள்ள அதே நிபந்தனைகளின்படி எங்களுக்கும் கொடுங்கள் என்று. கேட்பதற்கு நியாயமான கோரிக்கை. ஆனால் திருமணமான பெண் இருக்கும் வீடு சட்டப்படி கணவர் பெயரில் இருக்கும். அப்படியானால் அந்த நிபந்தனையில் யார் உள்ளே வருவார்கள்? வீடுள்ள விதவைகள், தனித்து வாழும் வசதியான பெண்கள், சுமார் பத்து லட்சம் பேர்.

இங்கேதான் சிக்கல். லிபரல் கட்சிக்குள் பெண்களின் ஓட்டுரிமையை ஆதரித்தவர்கள் நிறைய. ஆனால் இந்தப் பத்து லட்சம் பேரும் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போட்டுவிடுவார்களே என்று அவர்கள் பயந்தார்கள். கன்சர்வேட்டிவ் தலைவர்கள் சிலருக்கு இந்த யோசனை பிடித்தது, அவர்களுடைய சாதாரண உறுப்பினர்களுக்குப் பிடிக்கவில்லை. தொழிற்கட்சியில் பலர் இது சீமாட்டிகளுக்கான ஓட்டு, எல்லா ஆண்களுக்கும் எல்லாப் பெண்களுக்கும் சேர்த்துக் கேட்போம் என்றார்கள். கொள்கையளவில் சபையில் பெரும்பான்மை ஆதரவு இருந்துகொண்டே இருந்தது. எந்த மசோதாவும் கரை சேரவில்லை.

உழைக்கும் பெண்கள் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. லங்காஷயர் பஞ்சாலைகளில் நெசவு வேலை செய்த பெண்களுக்குச் சொந்தச் சம்பளம் இருந்தது, தொழிற்சங்கம் இருந்தது. எஸ்தர் ரோப்பர், ஈவா கோர்-பூத் இருவரும் ஒருங்கிணைக்க, ஆலை வாசல்களில் நின்று திரட்டிய 29,359 கையெழுத்துகளோடு 1901இல் அந்தத் தொழிலாளிகளின் குழு ஒன்று வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனது. இந்த அத்தியாயம் பெரிதாகப் பேசப்படுவதில்லை. சங்கிலியில் தங்களைப் பூட்டிக்கொண்ட பெண்களின் படங்கள்தான் எல்லோர் மனதிலும் நிற்கின்றன.

அந்தப் படங்களுக்கு உரிய அமைப்பு 1903 அக்டோபரில் மான்செஸ்டரில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டின் வீட்டில் தொடங்கியது. மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் மனு, கூட்டம், பிரசாரம் என்று சட்டத்துக்கு உட்பட்டு இயங்கிய கூட்டமைப்பு ஏற்கெனவே இருந்தது. 1914 வாக்கில் அதற்கு 500க்கு நெருக்கமான கிளைகளும் 50,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களும் இருந்தார்கள். எண்ணிக்கையில் சிறியதான பாங்க்ஹர்ஸ்ட் அமைப்புதான் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தைப் பிடித்தது. 1905 அக்டோபர் 13 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் மண்டபத்தில் லிபரல் தலைவர்களில் ஒருவரான எட்வர்ட் கிரே பேசிய கூட்டத்தில், எம்மலினின் மூத்த மகள் கிறிஸ்டபெல்லும் பஞ்சாலைத் தொழிலாளி ஆனி கென்னியும் எழுந்து, உங்கள் லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தால் பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்குமா என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. இழுத்து வெளியே தள்ளினார்கள். அபராதம் கட்ட மறுத்து இருவரும் சிறை சென்றார்கள். கேள்வி கேட்டதற்கே சிறை என்ற செய்தி பரவியதும் இயக்கம் நாடு முழுக்கப் பேசுபொருளானது.

1909 ஜூலையில் அந்த அமைப்பைச் சேர்ந்த மேரியன் வாலஸ் டன்லப் சிறையில் சாப்பிட மறுத்தார். 91 மணி நேரம் கழித்து அவரை விட்டுவிட்டார்கள். மற்றவர்களும் அதே வழியில் இறங்கியதும், செப்டம்பரிலிருந்து அரசு வலுக்கட்டாயமாக உணவு செலுத்த ஆரம்பித்தது. நாலைந்து பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ ரப்பர் குழாயை வயிறு வரை இறக்கி முட்டையும் பாலும் ஊற்றுவார்கள். இதை 'மருத்துவ சிகிச்சை' என்று அரசு சொன்னது. அது சித்திரவதை, வேறு பெயரே இல்லை.

சிறைக்குள்ளும் எந்தப் பெண் என்ற கேள்வி இருந்தது என்பதைத் தன் உடம்பை வைத்தே நிரூபித்தவர் கான்ஸ்டன்ஸ் லிட்டன். இவருடைய தந்தை 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபு. தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை நடத்தியவர் அவர்தான். கான்ஸ்டன்ஸ் தன் குழந்தைப் பருவத்தின் சில ஆண்டுகளை அந்த வைஸ்ராய் மாளிகையில்தான் கழித்தார்.

1909 அக்டோபரில் நியூகாசிலில் கல் எறிந்து கைதான கான்ஸ்டன்ஸ் உண்ணாவிரதம் இருந்தார். மருத்துவர்கள் கவனமாகச் சோதித்து, இதயம் பலவீனம் என்று சொல்லி இரண்டே நாளில் விடுவித்தார்கள். கூட இருந்த மற்றப் பெண்களுக்கு இந்தச் சலுகை இல்லை. பிரபு குடும்பம் என்பதால்தான் விட்டார்கள் என்பது அவருக்கு உறைத்தது. தலைமுடியை வெட்டிக்கொண்டார், மலிவான கோட்டும் தொப்பியும் மூக்குக் கண்ணாடியும் வாங்கினார், 'ஜேன் வார்ட்டன், தையல்காரி' என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1910 ஜனவரியில் லிவர்பூலில் கைதாகி வால்ட்டன் சிறைக்குப் போனார். அங்கே இதயத்தை ஒழுங்காகச் சோதிக்காமலே எட்டு முறை குழாயை இறக்கினார்கள். முதல் முறை அவர் வாந்தி எடுத்தபோது, மருத்துவர் போகிற போக்கில் கன்னத்தில் ஓர் அறை கொடுத்துவிட்டுப் போனார். உடம்பு அதே உடம்பு, பலவீனமும் அதேதான், பெயரும் உடையும் மட்டுமே மாறியிருந்தன. அடையாளம் தெரியவந்ததும் அவசரமாக விடுவித்தார்கள். 1912இல் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. சிறை அனுபவங்களை இடது கையால் எழுதி முடித்தார்.

அந்த 1910இலேயே அவருடைய தம்பி, இரண்டாம் லிட்டன் பிரபு, எல்லாக் கட்சி உறுப்பினர்களும் சேர்ந்த சமரசக் குழுவுக்குத் தலைவரானார். அவர்கள் தயாரித்த மசோதா பத்து லட்சம் பெண்களுக்கு ஓட்டுத் தரும் குறுகிய மசோதா. எல்லோரையும் திருப்திப்படுத்த அதைத்தான் கொண்டுவர முடிந்தது. நவம்பரில் பிரதமர் ஆஸ்குவித் நாடாளுமன்றத்தைக் கலைக்கப்போவதாகச் சொன்னதும் அது செத்தது. அன்று, நவம்பர் 18, சுமார் 300 பெண்கள் நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். முதல் வரிசைக் குழுவில் பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோஃபியாவும் இருந்தார். ஆறு மணி நேரம் போலீஸ் அடித்தது, உதைத்தது, மார்பைத் திருகியது. சமரசக் குழு பிறகு திரட்டிய 135 வாக்குமூலங்களில் 29 பாலியல் அத்துமீறலை விவரித்தன. உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் பொது விசாரணை நடத்த மறுத்துவிட்டார். அந்த நாள் கறுப்பு வெள்ளி என்றே வரலாற்றில் நின்றுவிட்டது.

1911இல் அதே போன்ற மசோதா இரண்டாம் வாசிப்பு என்ற தொடக்கக் கட்ட வாக்கெடுப்பில் 255க்கு 88 என்று ஜெயித்தது. உடனே ஆஸ்குவித், ஆண்களுக்கெல்லாம் ஓட்டுத் தரும் வேறொரு மசோதா வரும், வேண்டுமானால் பெண்களை அதில் திருத்தமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். குறுகிய மசோதா கவிழ்க்கப்பட்டுவிட்டது என்று நிதியமைச்சர் லாய்டு ஜார்ஜ் வெளிப்படையாகவே பெருமைப்பட்டார். அவர் பெண்களின் ஓட்டுரிமையை ஆதரித்தவர்! வசதியான பெண்களின் ஓட்டு எதிர்க்கட்சிக்குப் போகும் என்ற கணக்குதான் அவரையும் தடுத்தது. 1912 மார்ச்சில் மசோதா மறுபடி வந்தபோது 14 ஓட்டில் தோற்றது. ஆஸ்குவித் அரசு ஆட்டம் கண்டால் அயர்லாந்தின் தன்னாட்சி தள்ளிப்போகுமே என்று அயர்லாந்து உறுப்பினர்கள் எதிர்த்துப் போட்டார்கள். நிலக்கரி வேலைநிறுத்தம் காரணமாகச் சுரங்கப் பகுதித் தொழிற்கட்சி உறுப்பினர்கள் பலர் ஊரில் இல்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் லண்டன் கடைவீதிகளில் பெண்கள் சுத்தியலால் கண்ணாடிகளை உடைத்திருந்தார்கள், அதைச் சாக்காகச் சொல்லி விலகியவர்களும் உண்டு. 1913 ஜனவரியில், பெண்களைச் சேர்க்கும் திருத்தம் மசோதாவின் தன்மையையே மாற்றிவிடும் என்று சபாநாயகர் தீர்ப்புச் சொல்ல, அந்த வழியும் அடைபட்டது.

இதற்குப் பிறகுதான் தீவைப்பும் குண்டும் பெருகின. உண்ணாவிரதம் இருப்பவரை விடுவித்து, உடம்பு தேறியதும் மறுபடி பிடித்து அடைக்கும் சட்டம் 1913 ஏப்ரலில் வந்தது. ஜூன் 4இல் எப்சம் குதிரைப் பந்தயத்தில் எமிலி டேவிசன் மன்னரின் குதிரைக்கு முன்னால் போய் அடிபட்டு நான்கு நாளில் இறந்தார். வன்முறை உதவியதா கெடுத்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். என் எண்ணம் இது: 1905 முதல் 1910 வரை அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் இந்த விஷயம் தூங்கிப்போயிருக்கும். 1913க்குப் பின் வந்த தீவைப்பு, தயங்கிய உறுப்பினர்களுக்குப் பின்வாங்கக் காரணம் கொடுத்தது. அந்தக் காலத்தில் காய் நகர்த்தியவர் ஃபாசெட்தான். லிபரல்களை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்து, 1912இல் அவருடைய கூட்டமைப்பு தொழிற்கட்சி வேட்பாளர்களுக்குத் தேர்தல் நிதி திரட்டத் தொடங்கியது. லிபரல் தொகுதிகள் ஆட்டம் கண்டன.

போர் வந்தது. பெண்களின் உழைப்பு பலருடைய மனதை மாற்றியது உண்மைதான். ஆனால் சட்டத்தைக் கிளப்பியது வாக்காளர் பட்டியல். ஓட்டுக்கு ஓர் ஆண் பன்னிரண்டு மாதம் ஒரே முகவரியில் குடியிருந்திருக்க வேண்டும். பிரான்சில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்க்கு ஏது முகவரி? பழைய பட்டியலை வைத்துத் தேர்தல் நடத்தினால் நாட்டுக்காகச் சண்டை போட்டவர்களுக்கே ஓட்டு இருக்காது. எப்படியும் சட்டத்தைத் திருத்த வேண்டும், திருத்துவதானால் எங்களை விட்டுவிட்டுத் திருத்த முடியாது என்று பெண்கள் அமைப்புகள் பிடித்துக்கொண்டன. 1916 அக்டோபரில் சபாநாயகர் தலைமையில் எல்லாக் கட்சிக் குழு கூடியது. அது கூட்டணி ஆட்சி, எனவே ஒரு கட்சி லாபம் அடைந்துவிடும் என்ற பயம் தணிந்திருந்தது. 21 வயது ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு என்று ஆனதும், வசதியான பெண்கள் மட்டும் உள்ளே வருகிறார்கள் என்ற புகாரும் வலுவிழந்தது. குடும்பத் தலைவர்களின் மனைவிமார் சேர்ந்தால் எல்லா வர்க்கப் பெண்களும் வருவார்கள் அல்லவா?

ஆனால் ஆண்கள் லட்சக்கணக்கில் போரில் இறந்திருந்தார்கள். 21 வயதில் கொடுத்தால் வாக்காளர்களில் பெண்கள் பெரும்பான்மையாகிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் முப்பது. இந்தச் சமரசத்தை ஃபாசெட் மனமில்லாமல் ஏற்றுக்கொண்டார். 1917 ஜூன் 19 அன்று காமன்ஸ் சபையில் பெண்களுக்கான பிரிவு 385க்கு 55 என்று நிறைவேறியது. பிரபுக்கள் சபையில் தடை வரும் என்று எல்லோரும் பயந்தார்கள். அங்கே அரசின் சார்பில் அவை முன்னவராக இருந்தவர் இந்தியாவின் முன்னாள் வைஸ்ராய் கர்சன், பெண்கள் ஓட்டுரிமை எதிர்ப்புச் சங்கத்தின் தலைவரும் அவரே. பெண்கள் ஓட்டுப் போட்டால் இந்தியாவில் பிரிட்டனின் மதிப்புக் குறையும் என்பது அவர் சொல்லிவந்த காரணங்களில் ஒன்று. கடைசியில் காமன்ஸ் சபையோடு மோத வேண்டாம் என்று சொல்லி அவர் ஒதுங்கிக்கொண்டார். 1918 பிப்ரவரி 6இல் சட்டமானது. சுமார் 84 லட்சம் பெண்கள் வாக்காளர்கள் ஆனார்கள். வீட்டோடு தங்கிய பணிப்பெண்கள், கூலிக்கு அறை எடுத்துத் தங்கியவர்கள், முப்பதுக்குக் கீழ்ப்பட்ட அத்தனை பேரும் வெளியே.

அந்த நவம்பரில் வந்த இன்னொரு சட்டம் 21 வயதுப் பெண் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடலாம் என்றது. ஓட்டுப் போட முடியாதவர் உறுப்பினராகலாம். டிசம்பர் தேர்தலில் ஜெயித்த முதல் பெண் கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச், ஈவா கோர்-பூத்தின் அக்கா. அயர்லாந்து விடுதலைக்காரரான அவர் அப்போது ஹாலோவே சிறையில் இருந்தார், வெஸ்ட்மின்ஸ்டர் சபையில் உட்காரவே இல்லை. 

சமவயது ஓட்டுக்கு இன்னும் பத்து ஆண்டு ஆனது. இருபதுகளில் இருக்கும் பெண்களை விளையாட்டுப் பிள்ளைகள் என்று பத்திரிகைகள் எழுதின. 1928 மார்ச்சில் காமன்ஸ் சபை 387க்கு 10 என்று ஒப்புக்கொண்டது. ஜூன் 14இல் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் இறந்தார், ஜூலை 2இல் சட்டம் வந்தது. 1867இல் மில் பேசியதைக் கேட்ட மில்லிசென்ட் ஃபாசெட், 81 வயதில் அதையும் பார்த்துவிட்டார். 1929 தேர்தலில் வாக்காளர்களில் 52 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். 1918இல் எந்தப் பெரும்பான்மையைக் கண்டு பயந்தார்களோ அது வந்தேவிட்டது, நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

பிரிட்டன் கண்டுபிடித்த இந்த நிபந்தனைகள் கப்பலேறி நம் பக்கமும் வந்தன. 1910இல் ஹாலோவே சிறையில் இருந்த அயர்லாந்துக்காரரான மார்கரெட் கசின்ஸ் 1915இல் சென்னை வந்தார். 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1921இல் சென்னை சட்டசபை, இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, பெண் என்பதால் ஓட்டு இல்லை என்ற தடையை நீக்கியது. ஆனால் சொத்து நிபந்தனை அப்படியே இருந்ததால் பலன் சிலருக்குத்தான். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், சொத்துள்ள ஆணின் மனைவிக்கு ஓட்டு என்ற 1918இன் வழியையே எடுத்துக்கொண்டது. இலங்கையில் அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த டொனமூர் ஆணைக்குழு 1928இல் பெண்களுக்கு முப்பது வயது என்றே பரிந்துரைத்தது. பிறகு அது 21 ஆகி, 1931 தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். அங்கேயும் கேள்வி தீரவில்லை. மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற தனி நிபந்தனை வந்தது. அதைத் தாண்டிப் பட்டியலில் ஏறியவர்கள் 1931இலும் 1936இலும் 1947இலும் வாக்களித்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் ஓட்டைப் பறித்தன.